ஒன்பதேகால் அங்குலம்

எங்கள் தோட்டத்தில் ஆறு ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. தண்ணீர் இருப்பது ஒன்றில்தான். ஆறாவதைப் போட்ட அன்று ரிக் வண்டி எழுநூற்று அறுபது அடி இறக்கியும் சேறுதான் வந்தது. மாவு அரைத்ததுபோல வழிந்து பரவிய அந்தச் சாம்பல் நிறப் பாறைச் சேற்றில் என் மனைவி வெறுங்காலோடு நடந்துபோய், குழாயின் வாயருகே குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் போன தடமும் வந்த தடமும் மறுநாள் ஆட்டுக் குளம்புகளில் கலைந்துபோயின. வலது கால் தடம் ஒன்று மட்டும் மிஞ்சிக் காய்ந்து இறுகியது. அதே வருடம் அவள் இறந்துபோனாள்.

சாம்பலை அவள் பிறந்த ஊரான ஜேடர்பாளையத்துக்குக் கொண்டுபோய்க் காவிரியில் கரைத்தோம். அதன்பிறகு அவள் உடம்பு இருந்ததற்கு அடையாளமாக அந்தத் தடம் மட்டுமே இருந்தது. சுற்றிலும் ஒன்பது செங்கல் அடுக்கி, மேலே சிமெண்ட் அட்டை போட்டு மூடினேன். நில அளவையராக வேலை பார்த்தவன் நான், எதையும் அளக்காமல் விட்டால் மனம் அடங்காது. குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை ஒன்பதேகால் அங்குலம். குதிகாலில் ஏழு வெடிப்புகள். சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி நிற்கும். மழை பெய்கிற இரவுகளில் எனக்குத் தூக்கம் இருக்காது. விடிந்ததும் அட்டையைத் தூக்கி, விரல்கள் ஐந்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பேன்.

என் மகள் பீங்கான் மண்ணில் வேலை செய்கிறவள். சட்டி பானை இல்லை, கண்காட்சியில் வைக்கிற உருவங்கள். புதுச்சத்திரம் பக்கம் கோழி வளர்க்காமல் சும்மா கிடந்த ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையை எடுத்து மின்சூளை வைத்திருக்கிறாள். அந்தத் தடத்தைத் தனக்குத் தரும்படி அவள்தான் கேட்டாள்.

"மண்ண நேரா அதுல அமுத்தி எடுக்கோணுங்கப்பா. அந்தப் பாறைத் தூளும் ஒட்டிக்கிட்டு வரும். சூளையில அது உருகி, கண்ணாடியாட்டம் மேலயே நின்னுக்கும்."

"தடம் என்னாகும்?"

"தடம் இருக்காதுங்க. ஒருக்காத்தான் எடுக்க முடியும்."

முடியாது என்றேன். ஒரு மழைக்காலம் போயிற்று. ஐப்பசியில் ஒரு நாள் அட்டையைத் தூக்கியபோது சுண்டுவிரல் ஓரத்தில் கறையான் மண் ஏறியிருந்தது. அன்றே அவளைக் கூப்பிட்டேன்.

கறையான் மண்ணைத் தூரிகையால் ஒதுக்கிவிட்டு, வெள்ளை மண்ணைத் தட்டையாக்கிப் பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரல்களாலும் அமுக்கினாள். படுக்கையில் கிடந்த தாய்க்குக் கால் அமுக்கிவிட்டதும் இப்படித்தான். அவள் மண்ணைத் தூக்கியதும் நான் கீழே பார்த்தேன். அங்கே இருந்தது ஒரு குழி. யார் கால் என்றோ, கால் என்றோகூடச் சொல்ல முடியாத குழி.

சூளை ஆறியபின் கொட்டகைக்குப் போனேன். வெள்ளைப் பீங்கானில் ஒரு பாதம், அடிப்பக்கம் முழுவதும் பழுப்பாகக் கண்ணாடி ஓடியிருந்தது. ஏழு வெடிப்புகளும் இருந்தன. ஏறி நிற்கும் சுண்டுவிரலும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து வைத்தேன். எட்டே அரைக்கால் அங்குலம். மறுபடி வைத்தேன். எட்டே அரைக்கால்தான்.

"இது உங்கம்மா கால் இல்லை" என்றேன்.

"சுட்டாச் சுருங்குமுங்கப்பா. எட்டுல ஒரு பங்கு கொறையும். நான் அன்னைக்கே சொன்னனே."

வெடித்தாலும் வெடிக்கும் என்று சொன்னது நினைவிருக்கிறது. சுருங்கும் என்று சொன்னாளா, தெரியவில்லை. இன்னொன்றும் இருந்தது. எடுத்தது வலது கால் தடம், இது இடது காலாக அல்லவா இருக்கிறது என்று சண்டைக்குப் போனேன். அவள் சிரிக்காமல் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். வலது காலேதான். உள்ளங்காலை மேலே பார்க்க வைத்தால் இடம் வலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. சுட்ட பாதத்திலிருந்து அச்செடுத்து, அந்த அச்சில் மண்ணை அமுக்கிச் சுட்டாள். அது இன்னும் எட்டில் ஒரு பங்கு குறைந்தது. அதிலிருந்து இன்னொன்று. இப்படி எட்டுப் பாதங்கள். கடைசிப் பாதம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூட இருந்தது, பிறந்த குழந்தையின் கால். எட்டையும் கொட்டகைத் தரையில் உள்ளங்கால் மேலே தெரிய ஒரு வரிசையாக வைத்தாள். பார்த்தால் யாரோ நம் தரைக்கு அடியில் தலைகீழாக நடந்து போவதுபோல இருந்தது.

என் மனைவியோடு களை வெட்டப் போன பக்கத்துத் தோட்டத்து அம்மாள் பார்க்க வந்தார். முதல் பாதத்திடம் குனிந்தார். "சுண்டுவெரலு ஏறி நிக்குது பாருங்க. அக்காளேதானுங்க." பிறகு வரிசையோடு மெதுவாக நடந்து கடைசிப் பாதம்வரை போய் நின்றார். "பொறந்த ஊட்டுக்குப் போயிட்டிருக்குதாட்ட இருக்குதுங்க" என்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அவளை நான் முதலில் பார்த்தது அவளுடைய பத்தொன்பதாவது வயதில். முதல் பாதத்தை வேண்டுமானால் எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். இரண்டாவதிலிருந்து அவள் எனக்குத் தெரியாதவள். என்னைத் தெரியாதவள். மூன்றாவதிலும் நான்காவதிலும் ஆற்றோரத்தில் திரிகிற ஏதோ ஒரு சிறுமி. அன்றிலிருந்து வெறும் தரையில் நடக்கும்போதெல்லாம் அடியில் ஒரு கால் என்னிடமிருந்து விலகிப் போய்க்கொண்டே இருந்தது.

ஒன்பதேகால் அங்குலத்தில் ஒன்று செய்து கொடு என்று மகளிடம் கேட்டேன். எவ்வளவு பெரிதாகச் செய்தால் சுருங்கி அந்த அளவுக்கு வரும் என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவள் கையால் வடித்து, வெடிப்புகளைக் கம்பியால் கீறி, சுட்டுக் கொண்டுவந்தாள். அளந்தேன். நூல் பிசகாமல் ஒன்பதேகால். கூடத்தில் அதை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கணக்கு என்னுடையது, கீறல்கள் மகளுடையவை. அதில் என் மனைவி எங்குமே இல்லை. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பும் நாள் வந்தது. முட்டை அட்டைகளுக்கு நடுவே பாதங்களை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"ஒண்ண உட்டுட்டுப் போறனுங்கப்பா. எது வேணும்?"

"மொதல்ல எடுத்தது."

"அது இல்லாட்டி வரிசை சின்னப்புள்ளையிலதான் தொடங்குமுங்க."

"தொடங்கட்டும் சாமி."

கட்டியதைப் பிரித்து அதை எடுத்துக் கொடுத்தாள். ஏழு போயிற்று.

அது இப்போது என் கட்டிலுக்குக் கீழே, உள்ளங்கால் மேலே பார்க்க இருக்கிறது. அதன்மேல் சரியாகப் பொருந்துவது என் இடது கால்தான். ஆகவே காலையில் இடது காலைத்தான் முதலில் இறக்குகிறேன். என் குதிகால் வெளியே நீண்டு நிற்கும், ஆனாலும் விரல்கள் விரல்களின்மேல் படும். பீங்கான் என்றால் குளிர்ந்திருக்க வேண்டும். சில காலைகளில் அது குளிர்ந்திருப்பதில்லை. தொலைபேசியில் மகளிடம் சொன்னேன். சூளையில் வெந்த சாமான் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள். மார்கழியிலுமா என்று நான் கேட்கவில்லை.