ஒரு கதைக்காகப் போட்ட மொட்டை

மூன்று வருஷத்துக்கு முன்பு, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதில் நடந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்போது போனில் வரும் ஒரு தொடர்கதையே கதியென்று கிடந்தேன். விடிந்தால் கல்லாகிவிடும் சாபம் பெற்ற ஓர் இளவரசி. அவளைக் காதலிக்கும் ஒரு வில்வீராங்கனை. அந்த நாட்டில் எல்லோரும் பயப்படுவது யாளிக்குத்தான். இரண்டு பெண்கள் காதலிக்கிறார்களே என்று ஒருத்தரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் சொர்க்கம். ஏனென்றால் நான் உயிராக நேசித்தவளும் ஒரு பெண். சிதம்பரம் ஸ்டேஷனில் தினமும் எனக்காக நிற்பாள். வீட்டிலோ எனக்கு மும்முரமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் படித்துக்கொண்டே அழுதுவிட்டேன். எதிர் சீட்டில், அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கூடையோடு வியாபாரத்துக்குப் போகும் அக்கா, "இன்னா கண்ணு, யாருனா எதுனா சொன்னாங்களா?" என்று பதறினார். கதைதான் அக்கா என்றேன். "அப்ப சத்தமாப் படி, நாங்களும் கேக்குறோம்."

வேறு வழியில்லாமல் படித்தேன். அந்த இருவரும் முத்தமிடும் இடம் வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. அந்த அக்காதான், "விடிஞ்சா அந்தப் பொண்ணு கல்லாயிடுமே! நிறுத்தாத, படி" என்று அதட்டினார்.

அதன்பிறகு வாராவாரம் வாசிப்புதான். வில்வீராங்கனையை யாளி விழுங்கிய வாரம் பெட்டி இழவு வீடாகிவிட்டது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தேவநாதா, ரெண்டும் ஒண்ணு சேந்துட்டா திருவந்திபுரம் வந்து மொட்டை போடுறேன்" என்று கும்பிட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

கடைசி அத்தியாயத்தில் வில்வீராங்கனை யாளியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வர, சாபமும் நீங்கி இருவரும் சேர்ந்தார்கள். பெட்டியே கைதட்டியது. அடுத்து வந்த நாட்களில் அக்காவைக் காணோம். பிறகு ஒரு காலையில் ஏறினார். இடுப்பைத் தொடும் அவ்வளவு கூந்தலும் போய், மொட்டைத் தலையில் சந்தனம்.

"அக்கா, அது வெறும் கதைதானே!"

"இருக்கட்டுமே. வேண்டிக்கினா செய்யணும் இல்ல?" என்றவர், இரண்டு பிரசாதப் பொட்டலங்களை என் மடியில் வைத்தார். "ஒண்ணு உனுக்கு. இன்னொண்ணு, சிதம்பரத்துல வந்து நிக்குமே, அந்தப் பொண்ணுக்கு."

அவளைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, சிதம்பரம் வரும்வரை அழுதேன்.

இன்று நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் வீட்டாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மனசு விட்டுப்போகும் போதெல்லாம், எங்களுக்காகவும் சாமியிடம் முடி கொடுத்து வேண்ட ஒருத்தர் இருந்தாரே என்று நினைத்துக்கொள்வேன், பயம் விலகிவிடும்.