ஏழாவது தலையை வெட்டியவள்

மலைமேல் எங்கள் ஏலக்காய் எஸ்டேட்டில் யாரும் எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போடிக்கு இறங்கினால் மதியக் காட்சி உண்டு. ஆனால் படம் முடிய அரைமணி இருக்கும்போதே போடிமெட்டு ஜீப்பு கொட்டகை வாசலில் ஹாரன் அடித்துவிடும். அதை விட்டால் மலையேற வேறு வண்டி கிடையாது. மலைக்காரர்கள் அத்தனை பேரும் முனகிக்கொண்டே எழுந்துவிடுவோம்.

அந்த மாயாஜாலப் படமும் அப்படித்தான் போனது. மந்திரவாதி இளவரசியைக் கல்லாக்கிவிட்டான். ஏழுதலை நாகத்தைக் கொல்ல இளவரசன் வாளோடு குகைக்குள் நுழைகிறான். வெளியே ஹாரன். எனக்கு எட்டு வயது. ஜீப்பில் அப்பா மடியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அப்பா மீதிக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தலை விழுந்தது. ஆறாவது வளைவில் இளவரசன் மயங்கிச் சாய்ந்தான். ஏழாவதில் கல் வெடித்து இளவரசி எழுந்தாள், அவன் வாளை எடுத்தாள், ஒரே வெட்டு.

அவளை நம்பித்தான் நான் ஜீப்பு ஓட்டப் பழகினேன். பொம்பளை ஜீப்பு ஓட்டுறாளா என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். இன்று மெட்டு ரோட்டில் என்னைப் போல வண்டி ஓட்ட ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. மகள் எதற்காவது பயந்து ஒதுங்கினால் அந்த இளவரசியைத்தான் சொல்லுவேன்.

போன மாதம் அந்தப் படம் கையில் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து டிவியில் போட்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நாகத்தைத் தூக்கிய கயிறுகூடத் தெரிந்தது, போகட்டும். குகை வந்ததும், இப்போது பார் என்றேன். இளவரசன் ஏழு தலையையும் தானே வெட்டினான். இளவரசி கடைசிவரை கல்லாக நின்று, மேலே பூ விழுந்ததும் கண்விழித்து, நான் எங்கே இருக்கிறேன் என்று அவனைக் கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் ஒரு நொடியில் பொய்யாகிவிட்டது.

அப்பா கட்டிலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று பாய்ந்தேன். நானும் அன்று உன்னோடுதானே பாதியில் எழுந்து வந்தேன், முடிவை எங்கே கண்டேன் என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ கல்லா நிக்கிறான்னுதான ஆத்தா நீ அழுத? அதான் எழுப்பிவிட்டேன். எந்திரிச்சவ சும்மா நிப்பாளா?"

எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. மகள் ஜீப்பில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். படம் கிடைத்துவிட்டது என்று அந்த வாரம் முழுக்க அவர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். ஒருத்தி விடாமல், கடைசியில் உன் இளவரசி வெட்டினாளா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பின்னால் திரும்பினாள்.

"ஒரே வெட்டுத்தான், அத்தை."

ஏழாவது வளைவு வந்தது. ஹாரன் அடித்துத் திருப்பினேன்.