படிக்கத் தெரியாத வேட்டை

கத்தியைத் தீட்ட வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. கல்லூரிப் பேருந்தின் கடைசி சீட்டில், ஆளுக்கொரு கையடக்க வீடியோ கேம் கருவியை வைத்துக்கொண்டு, நானும் அவனும் ஒரு வாரம் முழுக்க மொண்ணைக் கத்தியால் ஒரு ராட்சசப் பல்லியை அடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு அடியும் டங்கென்று தெறித்துத் திரும்பி வரும். "இதுக்குத் தோலு ஜாஸ்திடி, வேற எங்கனா அடிக்கணும்" என்று அவன் சொல்ல, நான் வாலைத் தேடி ஓட, பல்லி எங்கள் இரண்டு பேரையும் துவைத்துக் காயப்போட்டது. கத்தி தீட்டும் கல் முதல் நாளிலிருந்தே என் பையில் இருந்ததாம். சும்மா ஏதோ கல் என்று நினைத்து அதை நான் ஆட்டத்துக் கடையில் விற்றுத் தொலைத்திருந்தேன். அட கடவுளே! அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உற்சாகம் பொங்குகிறது.

அந்தப் பழைய மிருக வேட்டை ஆட்டங்கள் தொடக்கத்தில் யாரையும் மதிக்காது. கையில் ஒரு துருப்பிடித்த கத்தி, உடம்பில் ஒரு தோல் சட்டை, போய்க் காளான் பறித்துக்கொண்டு வா என்று ஒரு வேலை. வேட்டைக்காரி ஆயிற்றே நான், காளானா பறிப்பேன் என்று கேட்க முடியாது. பறித்துத்தான் ஆக வேண்டும். அடிபட்டு மருந்து குடித்தால், குடித்த கையோடு நின்ற இடத்திலேயே நின்று புஜத்தை முறுக்கிக் காட்டுவாள் நம் ஆள். அதற்குள் காட்டுப்பன்றி வந்து முட்டித் தள்ளிவிடும். மிருகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எதுவும் சொல்லாது, அலைந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். என் தோழிகள் எல்லாம் "செம போருடி" என்று ஒரே நாளில் மூடி வைத்துவிட்டார்கள். எனக்கோ அந்தத் திண்டாட்டம்தான் உயிர். பச்சிலையையும் நீலக் காளானையும் சேர்த்தால் மருந்து வருகிறது என்று கண்டுபிடித்த அன்று பேருந்தில் எழுந்து நின்று கத்திவிட்டேன். டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்து, "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினார்.

அந்தப் பல்லியை ஒருவழியாகச் சாய்த்தபோது செமஸ்டரே முடிந்திருந்தது. அதற்குள் எங்களுக்குக் காதல் வந்துவிட்டது. எப்போது வந்தது என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது.

இப்போது அவன் என் கணவன். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை மாலை பஸ் ஏறி வருவான், திங்கள் விடியலில் கிளம்பிவிடுவான். நான் திருவண்ணாமலையிலேயே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பௌர்ணமி வந்தால் ரூம் கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிப்போகும். வாரநாட்களில் நாங்கள் சேர்ந்து செய்வது ஒன்றே ஒன்றுதான். அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் இன்டர்நெட் வழியாக ஆடுவோம்.

அதனால்தான் அந்த வேட்டை வரிசையில் புதிய ஆட்டம் வெளிவரப் போகிறது என்றதும் தலைகால் புரியாமல் குதித்தேன். சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, முதல் நிமிடத்திலிருந்து சேர்ந்து தொடங்குவதாகப் பேச்சு. அவன் என்ன செய்தான் தெரியுமா? ஆட்டம் வெளிவந்த வியாழக்கிழமையே தொடங்கி, சனிக்கிழமைக்குள் பாதிக்கு மேல் முடித்துவிட்டான்.

"உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான்டி முன்னாடியே போய்ப் பாத்து வெச்சேன்" என்றான், ஏதோ எனக்கு ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டு வைத்தவன் போல.

புதிய ஆட்டமும் அவனுக்கு ஏற்றாற்போலத்தான் இருந்தது. ஏறிக்கொண்டால் போதும், வாகனப் பறவை தானாகவே மிருகத்திடம் கொண்டுபோய் விடுகிறது. போகிற போக்கிலேயே கத்தி தீட்டிக்கொள்ளலாம், மருந்தும் குடிக்கலாம். நான் ஒரு ஓடைக் கரையில் இறங்கி, இது என்ன பூ என்று குனிந்த நேரத்தில், நெருப்பு கக்கும் வாளோடு அவன் பறந்து போய் என் முதல் மிருகத்தைக் கொன்றே விட்டான். நான் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை! எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். "யாருடா உன்னக் கூப்பிட்டது?" என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அவனுக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை, பாவம். எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் ஜெர்மனிப் பேச்சும் வந்தது. கம்பெனி அவனை இரண்டு வருடத்துக்கு அங்கே அனுப்புகிறது. அவன் முதலில் போவான். மூன்று மாதத்தில் வீடு பார்த்து, கடைகண்ணி பழகி, எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொள்வான். மனைவியும் வருவாளா என்று அடுத்த வாரம் திங்கட்கிழமை அவன் ஆபீசில் சொல்லியாக வேண்டும். நான் வேலையை விட வேண்டும். ஒவ்வொரு முறை கேட்டபோதும் பேச்சை மாற்றினேன். "பயப்படாதடி, நான் இருக்கேன்ல" என்றான். பயம்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

வேலை, வீடு, அவன் என்று மூன்றையும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், வேறு எதிலும் கவனம் போகாமல், அதே வரிசையில் நாங்கள் ஆடாத ஒரு மிகப் பழைய ஆட்டத்தின் டிஸ்க் இரண்டை ஆன்லைனில் வாங்கினேன். பீரோவில் கிடந்த எங்கள் பழைய கருவிகளுக்குப் புது பேட்டரியும் போட்டேன். அதை இன்டர்நெட் வழியாக ஆட முடியாது. இரண்டு கருவியும் ஒரே அறையில் இருந்தால்தான் சேர்ந்து ஆட முடியும். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்து சேர்ந்து, சாப்பிட்டதும் தூங்கிப்போனான். ஞாயிறு காலை காபியோடு கருவிகளை எடுத்து வைத்தேன். ஆன் செய்ததும் இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். ஒரு எழுத்து இங்கிலீஷ் இல்லை! எல்லாம் ஜப்பானிய எழுத்து. நான் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கியிருந்தேன்.

"போச்சு, திருப்பி அனுப்பிடு" என்றான்.

"அனுப்பறதாவது! உக்காருடா" என்றேன்.

ஐயோ, அந்தக் காலை! எது கடை, எது கட்டில் என்று தெரியாமல் ஊருக்குள் முட்டிக்கொண்டோம். பெயர் கேட்ட இடத்தில் எதையோ அழுத்தி, அவன் பெயர் மூன்று கோடும் ஒரு பெட்டியுமாக ஆகிவிட்டது. காட்டுக்குள் போய்ப் பறித்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தோம். பச்சை இலைதானே, மருந்தாக இருக்கும் என்று நான் தின்றேன். என் ஆள் அங்கேயே குப்புற விழுந்து குறட்டை விட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் காபி மூக்குக்கு ஏறியது. "சிரிக்கிறியா, இத நீ துன்னு" என்று ஒரு சிவப்புக் காளானைக் காட்டினேன். தின்றான். விஷம்! கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவன் கேட்டதும் "இது இன்னாடி?", நான் கேட்டதும் "இது இன்னாடா?", அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

அப்புறம் வந்தது பாருங்கள் மிருகம். தலையில் கொண்டை வைத்த ஒரு பெரிய பறவை. அந்த ஆட்டத்தில் கூட்டாக இரண்டு முறைதான் விழலாம், மூன்றாவது முறை யார் விழுந்தாலும் எல்லாருக்குமே தோல்வி. நான் ஒரு முறை, அவன் ஒரு முறை விழுந்தாயிற்று. பறவை நொண்டத் தொடங்கிவிட்டது, ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் நூலளவுதான் மிச்சம். மருந்து தீர்ந்துவிட்டது. பையில் ஒரே ஒரு கொம்பு. ஊதினால் என்ன ஆகும் என்று தெரியாது.

"ஊதுடி!"

"இன்னொரு பறவை வந்துட்டா?"

"வந்தா வரட்டும், ஊது!"

கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். திறந்து பார்த்தால் எங்கள் இரண்டு பேர் உயிரும் சரசரவென்று ஏறிக்கொண்டிருக்கிறது! நான் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு ஹவுஸ் ஓனரம்மா, "இன்னாம்மா, மேல எதனா உழுந்துச்சா?" என்று கத்தினார். "ஒண்ணும் இல்லீங்க!" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே பாய்ந்தேன். அவன் காலில் வெட்ட, நான் கழுத்தில் குத்த, பறவை சாய்ந்தது. இரண்டு பேரும் கருவிகளைப் போட்டுவிட்டு மொசைக் தரையில் மல்லாந்து கிடந்தோம். எவ்வளவு சந்தோஷம் என்றால், அழுகை வரும்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கூரையைப் பார்த்தபடியே, "நாளைக்கு ஆபீஸ்ல சொல்லணும்டி" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாத ஊரைப் பார்த்து நான் பயப்படவே இல்லை. காலையிலிருந்து ஒரு எழுத்து புரியாமல் விஷம் தின்றுகொண்டு நான் எவ்வளவு குஷியாக இருந்தேன்!

"நீ முதல்ல போகக் கூடாது" என்றேன்.

"அப்போ போவவே வேணான்றியா?"

"போலாம். ரெண்டு பேரும் ஒரே பிளைட்ல போலாம்."

எழுந்து உட்கார்ந்துவிட்டான். "லூசாடி நீ? அங்க வீடு கெடையாது. எந்த பஸ்ஸு எங்க போவும்னு தெரியாது. அரிசி எங்க கெடைக்கும்னு தெரியாது. அதெல்லாம் நான் போய்ப் பாத்து வெச்சுட்டு..."

"பாத்து வெக்காத! நீ பாத்து வெச்ச ஊருக்கு வந்தா, நான் உன் பின்னாடி மூட்டை மாதிரி வரணும். எனக்கு அது வேணாம்டா."

அவன் மறுபடியும் தரையில் மல்லாந்தான். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "எனக்கே பயமாத்தான் இருக்குடி" என்றான். "அங்க போய் இன்னா பண்ணப் போறேன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல."

"நெஜமா ஒண்ணுமே தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

"அப்போ நான் வர்றேன்" என்றேன்.