அப்பா ஜீப்பை உயர்த்திய ஓண லீவு

துருப்பிடித்த இரும்பின் மேல் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டால் ஒரு வாடை எழும். உதடு வெடித்து ரத்தம் கசியும்போது நாக்கில் படுமே ஒரு ருசி, அதை மூக்கால் முகர்ந்தது போலிருக்கும். குமுளியில் பேபி ஆசானின் ஒர்க்‌ஷாப்பில், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, அப்பாவின் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தபடி அந்த வாடையை நான் முதன்முதலாக முகர்ந்தது ஓண லீவின் முதல் வாரத்தில். அப்போது நான் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு சக்குபள்ளத்தில், ரோட்டை ஒட்டி இருந்தது. கம்பம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே மலையேறி வந்த குடும்பம். அப்பாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. காலையில் ரோட்டோரம் காத்து நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டத்தில் விடுவதும், சாயங்காலம் திரும்ப இறக்குவதும்தான் அவர் வேலை. அந்தப் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. அப்பா ஓட்டுகிற வண்டியில் அம்மா கூலிக்காரியாகப் பின்னால் உட்கார்ந்து போவதில் எங்கள் ஊரில் யாருக்கும் வேடிக்கையாக எதுவும் தோன்றியதில்லை. எல்லோரும் "ஈஸ்வரிக்கா" என்று கூப்பிடும் அம்மாவுக்குப் பின்பக்கம் கம்பியை ஒட்டிய இடம் என்பது எழுதாத சட்டம். பெண்களுக்குள் சண்டை வந்தாலும், சூப்பர்வைசரிடம் பேச வேண்டியிருந்தாலும், அந்த இடத்திலிருந்துதான் தீர்ப்பு வரும்.

தோட்டத்துக்குப் போகிற மண்பாதை ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் கரைந்து, உள்ளேயிருந்த பாறைகள் பல் முளைப்பது போல வெளியே வரும். ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குடம் தொங்குமே, அது அந்தப் பாறைகளில் மோதும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். அந்த வருஷம் அது இரண்டு முறை உடைந்து, ஆயில் எல்லாம் பாதையில் ஒழுகிவிட்டது. பெண்கள் வேலைக்குப் பிந்திப் போனார்கள். தோட்டத்து மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு ஜீப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வேறு ஜீப்பும் தயாராகத்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்கு ஓட்டும் பாண்டி மாமாவின் வண்டியோ, நெடுநெடுவென்று நிற்கும் வண்டி. உறவுமுறை மாமா இல்லை. அப்பாவின் சிநேகிதர், அவரைவிட இளையவர். அந்த வண்டி எந்தப் பாறையையும் பூனை மாதிரி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

அப்பா முடிவு செய்துவிட்டார். ஜீப்பை உயர்த்த வேண்டும்.

பேபி ஆசான் வண்டியின் அடிச்சட்டத்தை ஜாக்கியில் ஏற்றி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். அடுக்கடுக்காக இரும்புப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய பழைய ஸ்பிரிங்குகள் பாரம் சுமந்து சுமந்து வளைவே இல்லாமல் தட்டையாகிப் போயிருந்தன. புதியவை வில்லைப் போல வளைந்து, கருப்புப் பெயின்ட் மினுங்க, தரையில் வரிசையாகக் கிடந்தன. பழைய போல்ட்டுகள் லேசில் கழலவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, சுத்தியலால் தட்டி, மறுபடியும் ஊற்றி, கடைசியில் ஒரு போல்ட் அலறலோடு திரும்பியபோது அப்பா தன்னையறியாமல் "அப்பாடா" என்றார். புது ஸ்பிரிங்கைத் தூக்கி அச்சின் மேல் உட்காரவைத்து, நடு போல்ட்டின் தலையை அதற்கான குழியில் பொருத்தி, இரண்டு பக்கமும் வளைகம்பிகளைப் போட்டு இறுக்கினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்பிரிங்கின் நுனியைச் சட்டத்தோடு பிணைக்கிற இரும்புத் தகடுகள் உண்டு; "சாக்கிள்" என்பார்கள். அதையும் நீளமாக மாற்றினால் வண்டி இன்னும் உயரும். அப்பா அதையும் கேட்டார்.

"அண்ணா, இத்தற பொக்கம் வேணுமா?" என்றார் பேபி ஆசான். பொக்கம் என்றால் அவர் பாஷையில் உயரம். "வளவுல சூட்சிக்கணும் கேட்டோ." வளைவில் ஜாக்கிரதை என்று எச்சரித்தார்.

"அந்தப் பாதையில நான் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுவேன் ஆசானே. நீங்க மாட்டுங்க."

சாயங்காலம் சக்குபள்ளத்தில் வந்து இறங்கியபோது டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் குனியாமலே அடிப்பக்கத்தைப் பார்க்க முடிகிறது என்று வியந்தார். பாண்டி மாமா தன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி ஒப்பிட்டார். எங்கள் வண்டிதான் உயரம். அப்பா அன்று வெகுநேரம் வாசலில் நின்று, துடைத்த வண்டியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அம்மா வந்து பார்த்தவள், பின்படியில் காலை வைத்து ஏற முயன்று, சேலை தடுக்க, இறங்கிவிட்டாள்.

"கிழவிக எப்படி ஏறுவாக இதுல?"

"ஒரு ஸ்டூலு போட்டாப் போச்சு" என்றார் அப்பா.

ஸ்டூல் போடப்பட்டது. இரண்டு நாள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பாறைகளில் இடி இல்லை, வண்டி நேரத்துக்குப் போனது, மேனேஜர் தலையாட்டினார். வீட்டில் தனியே விடாமல் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனதால், உயரத்திலிருந்து தோட்டத்தைப் பார்க்கிற அந்தப் புதுக் காட்சி எனக்கும் பெருமையாக இருந்தது. அம்மாவிடம் மட்டும் சிரிப்பில்லை. "வண்டி தொட்டில் மாதிரி ஆடுது" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, பாறைவளைவில் அது நடந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஓடைக்குச் சரியும் பள்ளம். மழையில் பள்ளத்துப் பக்கச் சக்கரத்தடம் இறங்கிப்போயிருந்தது. அப்பா வழக்கமான வேகத்தில்தான் திருப்பினார். வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. பின்னாலிருந்து பெண்கள் மொத்தமாகக் கத்திய சத்தம் கேட்டது. நான் அப்பாவின் மேல் சரிந்தேன். படியில் தொற்றி நின்ற செல்லத்தாயி அத்தை மலைப்பக்கமாகக் குதித்து, கையை ஊன்றி விழுந்தார். பிறகு ஏதோ யோசித்துத் தீர்மானித்தது போல வண்டி மெல்ல நிமிர்ந்து நின்றது.

செல்லத்தாயி அத்தையின் மணிக்கட்டு முறிந்திருந்தது. அவரை அவ்வழியே வந்த பாண்டி மாமாவின் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, அப்பா மற்றவர்களைப் பார்த்து ஏறச் சொன்னார். அம்மா நகரவில்லை.

"யாரும் ஏறாதீக" என்றாள் பெண்களிடம். "நடந்தே போவோம்."

"என்னடி பேசுற? ஓரமா இறங்கிருச்சு, அவ்வளவுதான். நாளையிலிருந்து மெதுவாப் போறேன்."

"மெதுவாப் போனா உசரம் கொறைஞ்சிருமா?"

"நீயே இப்படிச் சொன்னா நாளைக்கு எவ ஏறுவா?"

"ஏற வேணாமுன்னுதான் சொல்றேன்."

அம்மா அப்பாவை மற்றவர்கள் முன்னால் எதிர்த்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. சொல்லிவிட்டு, மழைக்குப் போர்த்துகிற கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள்.

அதற்குப் பிந்தைய நாட்களை நினைத்தால், மழையில் ஏறிச் செல்லும் அந்தப் பாதைதான் கண்முன் நிற்கிறது. முன்னால் பெண்கள் நடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், அவர்கள் வேகத்துக்கே, காலி ஜீப்பை அப்பா ஊர்ந்து ஓட்டிவருவார். யாராவது களைத்து ஏறிவிடுவார்கள் என்ற நம்பிக்கையா, அல்லது தோட்டத்துக்காரர்கள் கண்ணுக்கு வண்டி ஓடுவதாகத் தெரிய வேண்டும் என்பதா, எனக்குத் தெரியாது. முன்சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியில் துடைப்பான் போகும்போதெல்லாம் அம்மாவின் முதுகு தெளிவாகத் தெரியும். உடனே மழை அழித்துவிடும். ஒருநாள் நான் இறங்கி அம்மாவோடு நடக்கப் போனேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "போ, அவருகூடப் போயி உக்காரு. தனியா விடாத" என்றாள்.

வீட்டில் சோறு வழக்கம்போல நேரத்துக்கு வந்தது. பேச்சுத்தான் இல்லை. "அப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் கொழம்பு வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா. "போதும்னு சொல்லு" என்பார் அப்பா. இருவரும் ஒரு கை தொலைவில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத மத்தியானத்தில், அப்பா பாண்டி மாமாவைக் கூட்டிவந்தார். தோட்டத்து ஸ்டோரில் கேட்டு எரு மூட்டைகளை ஜீப்பின் பின்னால் அடுக்கினார்; பெண்கள் எப்படி உட்காருவார்களோ அதே கணக்கில், இரண்டு பக்கமும், நடுவிலும். பிறகு சாவியைப் பாண்டி மாமாவிடம் கொடுத்தார்.

"நான் எப்பவும் போற வேகத்துல பாறைவளைவுல திருப்பு. நான் கீழ நிக்கிறேன்."

"என்னண்ணே இது, நீங்களே ஓட்டலாமில்ல?"

"ஓட்டுறா."

நானும் அப்பாவும் வளைவில், மலைப்பக்கம் ஒதுங்கி நின்றோம். அவர் அந்த வண்டியை எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறார். அந்த வளைவில் அது திரும்புவதை வெளியே நின்று பார்த்தது அன்றுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். ஜீப் உறுமிக்கொண்டு வந்தது. திரும்பியது. சாய்ந்தது. எங்கள் பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு மேலே எழுந்து, சுற்றியபடியே சற்று நேரம் காற்றில் நின்று, பொத்தென்று இறங்கியது. சேறு அப்பாவின் வேட்டியில் தெறித்தது. அவர் துடைக்கவில்லை.

பாண்டி மாமா வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிவந்தார். "ஒண்ணுமே தெரியலையேண்ணே! ஜம்முனுதான வந்துச்சு!"

"உள்ள இருந்தாத் தெரியாதுடா" என்றார் அப்பா.

மறுநாளே குமுளிக்குப் போனோம். பேபி ஆசான் காரணம் கேட்கவில்லை. நீளச் சாக்கிளைக் கழற்றிப் பழையதைப் போட்டார். பின் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பட்டையை உருவினார். வண்டி பழைய உயரத்துக்கும் புது உயரத்துக்கும் இடையில் வந்து நின்றது. அடுத்த நாள் காலை, நடக்கத் தயாராக ரோட்டோரம் கூடியிருந்த பெண்களுக்கு முன்னால் அப்பா ஜீப்பை நிறுத்தி இறங்கினார்.

"தாழ்த்திட்டேன்" என்றார் பொதுவாக. "ஏறிப் பாருங்க."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். "மூட்டை ஏத்தி ஓட்டிக் காட்டுங்க. நான் வளைவுல நின்னு பாக்குறேன்."

அப்பாவின் முகம் சிவந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேன். ஆனால் அவர் மூட்டைகளை ஏற்றினார். அம்மா பாறைவளைவில், முந்தின ஞாயிறு அவர் நின்ற அதே பக்கம், இடுப்பில் கைவைத்து நின்றாள். சக்கரம் நான்கும் தரையிலேயே உருண்டன. இன்னொரு முறை வரச் சொன்னாள். வந்தார். அதன் பிறகுதான் மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு, கம்பியை ஒட்டிய தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

உயரம் குறைந்ததால் ஓரிரு பாறைகளில் இரும்புக் குடம் மறுபடியும் உரசத்தான் செய்தது. மேனேஜர் முணுமுணுத்தார். அடுத்த ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே பெண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பாதைக்கு வந்துவிட்டார்கள். ரொம்பத் துருத்திய பாறைகளைச் சுற்றித் தோண்டி, அப்பா ஜீப்பில் கயிறு கட்டி இழுக்க, ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு செல்லத்தாயி அத்தை ஒரு கல்லில் உட்கார்ந்து, யார் எந்தப் பக்கம் நெம்ப வேண்டும் என்று சத்தம்போட்டுக்கொண்டிருந்தார். "குதிச்சவளுக்குத்தான் அதிகாரமா?" என்று யாரோ கேட்க, அப்பா முதலில் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவள் தோள் குலுங்கியது.

இப்போது நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா இல்லை. ஜீப்பை அவர் இருக்கும்போதே விற்றாகிவிட்டது. தோட்டத்துக்குப் போகும் பாதையில் கான்கிரீட் போட்டு, பாறைவளைவைக் குடைந்து அகலமாக்கிவிட்டார்கள். காய் எடுக்க இப்போது வடக்கேயிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் தோட்டத்திலேயே தங்கிக்கொள்கிறார்கள். ரோட்டோரம் கொங்காணியோடு யாரும் ஜீப்புக்குக் காத்து நிற்பதில்லை.

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் எங்கிருந்தோ ஒரு பழைய ஜீப்பை வாங்கிவந்து, வாசலிலேயே புது ஸ்பிரிங்குகளை இறக்கினான். "மலையேத்தப் போட்டிக்குப் போறதுக்குங்க்கா. ஊட்டுல அம்மாதான் வையறாங்க" என்றான் சிரித்துக்கொண்டு. என்னோடு இருக்கும் அம்மா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவன் போல்ட்டுகளைத் தட்டிக் கழற்றுவதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குப் போட உள்ளே வந்த நான், இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு வண்டி கவுந்திருமுன்னு ரொம்பப் பயந்துட்டியாம்மா?"

"கவுந்தா குதிச்சுக்கலாம். அதுக்கென்ன" என்றாள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் அம்புட்டுப் பேரு முன்னால சொல்லியும் உங்கப்பா கேக்காமப் போயிருந்தா, அந்த மனுசனோட மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுறதுன்னுதான் எனக்குப் பயம். அந்த ஒரு வாரம் பூராவும் நடந்துக்கிட்டே அதைத்தான் நெனச்சேன்."