பக்கத்து சீட்டு பிரேக்

மஞ்சள்சட்டைக்காரன் மறுபடியும் மண்ணைக் கவ்வினான். நூலகத்துப் படிக்கட்டின் உச்சியிலிருந்து சக்கரப் பலகையோடு எகிறினான், கைப்பிடிக் கம்பியின்மேல் ஏறி வழுக்கினான், பாதி வழியில் கம்பி அவனைக் கைவிட்டது. எலும்பு நொறுங்குகிற அந்தச் சத்தத்தை உண்டாக்கியவன் யாரோ, ரசித்து ரசித்து உண்டாக்கியிருந்தான். சத்தம் அடங்கியதும் திரையின் நடுவில் வழக்கமான கேள்வி வந்து நின்றது: உதவி வேண்டுமா?

"வேண்டாம்னு எத்தனை தடவைதான் சொல்றது? காது கேக்காதா உனக்கு?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டாள் அவள்.

துணிக்கடையில் அவளுக்கு ஆல்டரேஷன் அக்கா என்று பெயர். மாடிப்படிக்கு அடியில், சட்டென்று எழுந்தால் தலை இடிக்கிற ஓர் இடுக்கில் அவளுடைய தையல் மெஷின். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பாள், சட்டையின் இடுப்பைப் பிடிப்பாள், கல்யாண அவசரத்தில் வருகிறவர்களுக்கு இரண்டையும் நின்ற நிலையில் செய்து கொடுப்பாள். கோணல் தையல்மேல் இன்னொரு தையல் போட்டு மறைக்கிற வேலை மட்டும் அவளிடம் நடக்காது. "உள்பக்கம்தானே அக்கா, யாரு பாக்கப்போறா?" என்று பட்டன் வைக்கிற பெண் கேட்பாள். "நான் பாத்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே பிளேடை எடுத்து, போட்ட நூலை முதலிலிருந்து பிரிப்பாள் அக்கா.

கேம் பெட்டி மகளுடையது. மகள் படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனபிறகு அது டிவிக்கு அடியில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. ஒருநாள் துடைக்கப்போன கை பொத்தானில் பட்டு, பச்சை விளக்கு எரிந்து, டிவியில் ஒரு பையன் பலகைமேல் ஏறி நின்று இவளையே பார்த்தான். சரி, என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்தது.

முதலில் ஆடிய விளையாட்டு அவளுக்கு ஒரே வாரத்தில் கசந்துவிட்டது. எங்கிருந்து குதித்தாலும் பலகை காந்தம்போலக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. தப்பாகக் குதித்தாலும் கைதட்டல், சும்மா நின்றாலும் புள்ளி. "குழந்தைக்கு சோறு ஊட்டுற மாதிரி ஊட்டுறான்டி. அவனே குதிக்கிறான், அவனே ஜெயிக்கிறான். நடுவுல நான் எதுக்கு?" என்று மகளிடம் போனில் பொரிந்தாள்.

"அப்போ ரெண்டாவது டிஸ்க்கைப் போடும்மா. அது விழவெக்கும், ஏன்டா தொட்டோம்னு அழவெக்கும்" என்றாள் மகள்.

விழவைத்தது. கன்ட்ரோலரில் இருந்த இரண்டு குட்டிக் குச்சிகளில் ஒன்று இடது கால், மற்றொன்று வலது கால். குச்சியைக் கீழே இழுத்து மேலே தட்டினால் குதிப்பான்; தட்டியதில் ஒரு நூலிழை சாய்ந்தாலும் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதையாவது தன் தப்பு என்று ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள முடியாத அநியாயங்களும் அதில் இருந்தன. சரியாகக் குதிக்கிற நேரம் பார்த்து கேமரா ஒரு தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மலைபோன்ற மதிலில் மோதினால் ஒன்றும் ஆகாது, கண்ணுக்குத் தெரியாத கூழாங்கல்லில் தடுக்கி உயிர் போகும். இரண்டு காலும் பலகையில் அழகாகப் பதிந்து இறங்கினாலும், விளையாட்டைப் பண்ணினவனுக்கு மனம் வந்தால்தான் 'இறங்கினான்' என்பான். இல்லாவிட்டால் 'விழுந்தான்' என்பான். விழுந்தபின் படிக்கட்டின் உச்சியில் விடக்கூடாதா? தெருமுனையில் கொண்டுபோய் விட்டு, குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு வா என்பான்.

"பண்ணினவனை நேர்ல பாத்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேப்பேன்" என்பாள். ஆனாலும் கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும் உட்கார்ந்துவிடுவாள். அந்த நூலகத்துக் கம்பியை உச்சி முதல் அடிவரை வழுக்கி, விழாமல் தரையில் இறங்க வேண்டும். அதுவும் ஒருத்தர் கையும் படாமல். அவ்வளவுதான் அவளுக்கு.

அதில் ஒரு பழைய வடு இருந்தது. அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கல்யாணமான புதிதில் அந்த ஸ்கூல் காரில்தான் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து சீட்டில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்த கார் அது. மேம்பாலத்து ஏற்றத்தில், சிக்னலில் நிறுத்தி எடுப்பதுதான் புதிதாகக் கற்பவர்களுக்கு எமன். அவள் முதல் நாளே வழுக்காமல் எடுத்தாள். "நான் ஒண்ணுமே பண்ணல, எல்லாம் நீதான்" என்றார் அவர். அன்று அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. சமதரையில் நடந்த தேர்விலும் தேறி லைசென்ஸ் வாங்கினாள்.

பிறகு சொந்தக் கார் வந்தது. பின்சீட்டில் மகளை வைத்துக்கொண்டு முதல்முறை தனியாக மேம்பாலம் ஏறினாள். சிக்னலில் பச்சை விழுந்து காலை எடுத்ததும் வண்டி முன்னால் போகாமல் பின்னால் போனது. பின்னால் நின்ற வேனின் மூக்கில் போய் இடித்தது. சாலை முழுக்க ஹாரன். அவர் வந்து வண்டியை எடுக்கும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்குப்பின் அவள் சாவியைத் தொடவில்லை, பஸ்தான். "எனக்குக் காலுக்கும் மூளைக்கும் ஆகாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். "அம்மா பாலத்துல ரிவர்ஸ்லயே ஏறுவாங்க" என்பாள் மகள். சொல்லிச் சொல்லி அது வீட்டு ஜோக்காகிவிட்டது. சிரிக்கிற கூட்டத்தில் முதல் ஆளாகச் சிரித்தவள் அவள். உள்ளே முள் இருந்த இடம் அவளுக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அது நடந்தது. மஞ்சள்சட்டைக்காரன் எகிறினான், கம்பியில் அமர்ந்தான், ஆடினான், நிமிர்ந்தான், அடிவரை வழுக்கி வந்து தரையில் பொத்தென்று இறங்கி ஓடினான். திரையில் தங்கப் பதக்கம் சுழன்றது.

"இறங்கிட்டான்! ஏங்க, இறங்கிட்டான்!"

சோபாவில் இருந்த அவர் கைதட்டினார். "பாத்தியா? நான் ஒண்ணுமே பண்ணல, எல்லாம் நீதான்."

அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. திரையைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள். உடனே மகள் கூப்பிட்டாள்.

"சூப்பர்மா! ஆனா மூலையில சின்னதா கை மாதிரி ஒரு படம் இருக்கே, ஏன்?"

"அது என்னவோ ரெண்டு நாளா இருக்கு. அழகுக்குப் போட்டிருப்பான்."

"இல்லம்மா. உதவியை ஆன் பண்ணியிருந்தாத்தான் அது வரும். கம்பியில சாயறப்போ அதுவே உன்னை நேராப் பிடிச்சு நிறுத்தும். நீ பண்ணலையா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்புறம் பேசறேன்டி" என்று போனை வைத்தாள்.

"கொஞ்சூண்டுதான் வெச்சேன்" என்றார் அவர். "பாதிகூட இல்ல. நீ தினம் விழுந்து விழுந்து எழுந்திரிக்கிறதைப் பாத்துக்கிட்டு எப்படி உக்கார்றது? கிளட்சுல லேசா கால் வெச்ச மாதிரிதான். ஓட்டுறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

சொன்ன வார்த்தை வாயைவிட்டு இறங்கியபிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். "எனக்குக் கத்துக்குடுத்தப்போ?"

"எப்போ?"

"என்னமோ வருஷா வருஷம் கத்துக்குடுத்த மாதிரி கேக்கறீங்க. மேம்பாலத்துல."

"எல்லாருக்குமே முதல்ல கொஞ்சம்..."

"எல்லாரையும் விடுங்க. எனக்கு."

"லேசா."

"ஒவ்வொரு தடவையுமா?"

அவர் தன் கால்களைப் பார்த்தார், சாட்சி சொல்லவேண்டியது அவைதான் என்பதுபோல. "நீ பயந்துடுவியேன்னுதான்" என்றார். "நம்பிக்கை வந்துட்டா அப்புறம் தானா வந்துடும்னு நெனச்சேன்."

"எனக்கு நம்பிக்கை வந்துச்சு, ஓட்டத்தான் வரல. ஏத்தத்துல ஒரு தடவைகூட என் காலு தனியா வண்டியைப் பிடிச்சதே இல்ல. அது தெரியாம இத்தனை வருஷமா என்னையே நான் மக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சீங்க."

"நல்லதுக்குத்தானே பண்ணினேன்..."

"நல்லதுக்குத்தான். அடுத்த தடவை நல்லது பண்றதா இருந்தா சொல்லிட்டுப் பண்ணுங்க. நான் வேண்டாம்னு சொல்றதுக்கு வசதியா இருக்கும்."

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனாள். உதவியை முழுக்க அணைத்தாள். பதக்கத்தை அழிக்க வழி இருக்கிறதா என்று தேடினாள், இருந்தது. எல்லாம் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், உறுதியா என்று கேட்டது.

"வாங்கின பதக்கத்தை யாராவது தூக்கிப் போடுவாங்களா? யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்று சொல்லி 'ஆம்' என்பதை அழுத்தினாள், பிளேடால் நூலை அறுக்கிற அதே நிதானத்தோடு. "நாளைக்குக் காலையில கார் சாவி எனக்கு வேணும். நீங்களும் வர்றீங்க. பின்சீட்டுல."

ஞாயிற்றுக்கிழமைக் காலை மேம்பாலத்து ஏற்றத்தில், சிக்னலுக்கு முன்னால் அவர்கள் கார் நின்றது.

"காலை மேல தூக்கி சம்மணம் போட்டு உக்காருங்க."

"சொந்தக் கார்ல எனக்கு ஏது பிரேக்கு?"

"இல்லாட்டியும் தரையை மிதிப்பீங்க. கண்ணாடியில தெரியுது. தூக்குங்க."

தூக்கினார்.

பச்சை விழுந்தது. காலை எடுத்தாள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி எடுத்தாள், சாண் அளவு பின்னால் வழுக்கியது. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கியது. கறுப்புக் காரிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "ஏம்மா, லைசென்ஸ் இருக்கா இல்லையா?"

அவளும் தலையை வெளியே நீட்டினாள். "லைசென்ஸ் எப்பவோ வாங்கிட்டேன். இப்பத்தான் கத்துக்கறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"

அந்த ஆள் உண்மையாகவே கொஞ்சம் தள்ளி நின்றான்.

கிளட்சை மிக மெதுவாக விட்டாள். ஓர் இடத்தில் எஞ்சினின் குரல் தணிந்து கனத்தது. தடித்த ஜீன்ஸ் மடிப்பில் ஊசி ஏறும்போது மெஷின் போடுகிற அதே முனகல். அந்த இடத்தில் காலை எவ்வளவு அழுத்த வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று அவள் காலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். கார் பின்னால் போகவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு ஏறியது.

பின்சீட்டில் அவர் வாயைத் திறந்தார். கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்தார். சொல்லவந்ததை விழுங்கிவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நூலகத்துப் படிக்கட்டு மட்டும் மசியவில்லை. மஞ்சள்சட்டைக்காரன் கம்பியின் முக்கால்வாசி வரை வந்தான். கேமரா தூணுக்குப் பின்னால் போனது. அவன் தலைகுப்புற விழுந்தான். எலும்புகள் நொறுங்கின. திரையின் நடுவில் அந்தக் கேள்வி வந்து நின்றது. அணைத்துவைத்தாலும் கேட்பதை மட்டும் அது விடவில்லை.

சோபாவில் சம்மணம் போட்டிருந்த அவர், சமாதானமாகப் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, டிவியைப் பார்த்துச் சொன்னார்: "அதான் அவ வேண்டாங்கறாளேப்பா!"

"அதையும் நானே சொல்லிக்கறேன்" என்றாள் அவள். வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, தெருமுனையிலிருந்து குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு அவனை மறுபடி படிக்கட்டுக்கு ஏற்றத் தொடங்கினாள்.