நானூறு எழுத்துப் பெட்டி

என் கணினியில் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் தலையில் 'நிகழ்ச்சி விவரம்' என்று எழுதியிருக்கும். நானூறு எழுத்துக்கு மேல் அது வாங்கிக்கொள்ளாது. தட்டத் தட்ட, கீழே பச்சையில் ஓர் எண் குறைந்துகொண்டே வரும். பூஜ்யம் ஆனதும் சிவப்பாகிவிடும். அப்புறம் தலைகீழாக நின்று தட்டினாலும் திரையில் ஒன்றும் விழாது. பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் நாட்காட்டிப் பிரிவில் உட்கார்ந்து, பதினோரு வருஷமாக நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கருத்தரங்கோ ரத்ததான முகாமோ, எதுவானாலும் துறைகள் படிவம் தரவேண்டும், நான் தட்டி ஏற்றவேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த வாரப் பதிவு தானாக மூடிக்கொள்ளும். தவறவிட்டால் அடுத்த வெள்ளிதான். அந்த எண் சிவப்பாகும்போதெல்லாம் எனக்கு ஆய்வாளர் அக்காவின் ஞாபகம் வந்துவிடும்.

அக்காவுக்குச் சொந்த ஊர் பாரிவாக்கம். வேதியியல் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஏரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ந்தது பாதி நேரம். மீதி நேரமெல்லாம் அவருடைய நெறியாளருக்குக் குமாஸ்தா வேலை. விடைத்தாள் கட்டுவது, அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் விலாசம் எழுதுவது, துறையின் நிகழ்ச்சிப் படிவங்களை வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பது. ஏழு வருஷம்! அந்த மனுஷர் ஒரு கையெழுத்து போட்டால் வெளியே போய்விடலாம். அதற்காகத்தான் அவர் சொன்னதையெல்லாம் செய்தார்.

ஆனால் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற துறைகளிலிருந்து வருகிற படிவங்களில் யார் தலைமை, யார் முன்னிலை, யார் நன்றியுரை என்று பட்டமும் பதவியுமாக நிரம்பி வழியும். எங்கே, எத்தனை மணிக்கு என்று தேடித்தான் பிடிக்கவேண்டும். அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "இன்னா மேடம் இது, வர்றவனுக்கு எங்க வர்றதுன்னு சொல்லாம, மேடையில யார் யார் குந்திக்கினு கீறாங்கன்னு சொன்னா அவன் வந்துடுவானா?" ஒரு தடவை தண்ணீர்ப் பரிசோதனை முகாமுக்கு அவர் எழுதிக் கொடுத்தது இப்போதும் எனக்கு மனப்பாடம். 'உங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள். குடிக்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்கிறோம். செவ்வாய் காலை பத்து மணி, வேதியியல் ஆய்வகம், தரைத்தளம். அனைவரும் வரலாம்.' அவ்வளவுதான். சென்னீர்குப்பத்திலிருந்தும் பாரிவாக்கத்திலிருந்தும் ஷேர் ஆட்டோவில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் பாட்டிலெல்லாம் சரிப்படாது என்று குடத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆய்வகம் திணறிப்போனது.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. வேந்தர் பெயர் இல்லாமல், நிறுவனர் பெயர் இல்லாமல் ஒரு நிகழ்ச்சியை எப்படி ஏற்றலாம் என்று. எழுதியது அக்கா, கையெழுத்துப் போட்டது நெறியாளர், மாட்டிக்கொண்டது தட்டிய நான். இனிமேல் எந்தக் குறிப்பிலும் பெரியவர்கள் பெயர்தான் முதலில் வரவேண்டும். நெறியாளர் கையெழுத்திட்ட படிவத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. இன்னொரு மெமோ என்றால் வீட்டுக்குத்தான். அம்பத்தூரில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய வருஷம் அது. முத்தாபுதுப்பேட்டையில் அப்பா வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு போய் ஒண்டிக்கொண்டிருந்தோம். ராணுவத் தொழிற்சாலையில் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவர் அப்பா. தினமும் நான் செருப்பு மாட்டும்போது, "வேல பத்திரம்மா" என்பார்.

கடைசியில் அக்காவுக்கும் வைவா வந்தது. ஆய்வேட்டை எல்லார் முன்னாலும் வைத்துக் கேள்வி கேட்கிற பொது வாய்மொழித் தேர்வு. பத்து நாள் முன்னதாக, இடமும் நேரமும் போட்டு, யார் வேண்டுமானாலும் வரும்படி நாட்காட்டியில் அறிவிக்கவேண்டும் என்பது விதி. நெறியாளர் அந்த மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஒரு கல்லூரியில் அக்காவுக்கு வேலை தயாராக இருந்தது, பட்டச் சான்று கையில் வந்தால் சேரலாம். அந்த வெள்ளியை விட்டால் எல்லாமே போச்சு.

மூன்று ஐம்பதுக்கு ஓடிவந்தார். இந்த ஒரு தடவை நெறியாளர் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மாண்பமை வேந்தர், கல்வி வள்ளல் நிறுவனர், துணைவேந்தர், பதிவாளர், புலமுதன்மையர் என்று வரிசையாக வந்தது. தட்டிக்கொண்டே போனேன். 'இடம்' என்ற சொல் விழுந்ததும் எண் சிவப்பானது. எந்த அறை என்பதும், அனைவரும் வரலாம் என்பதும் வெளியே நின்றுவிட்டன.

"அந்தக் கல்வி வள்ளலை எட்துடுங்க மேடம், எடம் கிடைச்சிடும்" என்றார் அக்கா. சார் சொன்னால் எடுக்கிறேன் என்றேன். அவர் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார். மூன்று தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. மணி மூன்று ஐம்பத்தெட்டு. கல்வி வள்ளல். இரண்டே சொல். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் குரல்தான் காதில் கேட்டது. "உங்க துறையில எந்த ரூமுன்னு யாருக்குக்கா தெரியாது?" என்று சொல்லிக்கொண்டே அப்படியே ஏற்றிவிட்டேன். அக்கா என் பாட்டிலை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தார்.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கறாரான ஆள். அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இடமே போடலையே, வெளியாள் யார் வர முடியும்?" என்று கேட்டாராம். வருகைப் பதிவேட்டில் துறை ஆட்கள் ஏழெட்டுப் பேரின் கையெழுத்துதான் இருந்தது. இது பொதுத் தேர்வே இல்லை என்று சொல்லிவிட்டு மதிய ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

நெறியாளர் பழியைத் தூக்கி அலுவலகத்தின் மேல் போட்டார். பதிவாளர் அக்காவையும் என்னையும் கூப்பிட்டு, யார் தப்பு என்றார். சொல்வதற்கு என்னிடம் எல்லாமே இருந்தது: படிவம், பெட்டி, கல்வி வள்ளல். நான் அவர் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நான்தான் சார், குடுக்கறப்போ இடம் எழுத மறந்துட்டேன்" என்று அக்கா சொன்னார். எழுதியும் கொடுத்தார். வெளியே வந்ததும் அதுவரை 'மேடம்' என்றே கூப்பிட்டவர் முதல் தடவையாக என்னை நீ என்றார். "நீ மாட்டிக்கினா உன் புள்ளைங்க இன்னா பண்ணும்? நான் ஏழு வருசமா மாட்டிக்கினு கீறேன். எனக்குப் பழகிடுச்சு."

நெறியாளர் ஓய்வு பெற்றார். அந்தக் கல்லூரி வேலை வேறு யாருக்கோ போனது. புது நெறியாளர், புதுக் கையெழுத்துகள், மறுபடி ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷமும் ஒவ்வொரு வெள்ளியும் அக்கா படிவத்தோடு என் முன்னால் வந்து நின்றார். சாப்பிட்டியா என்று கேட்பார். கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். இரண்டாவது வைவா நல்லபடியாக முடிந்தது. 'அனைவரும் வரலாம்' என்று நானேதான் தட்டினேன். நான் மட்டும் போகவில்லை. ஸீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட எனக்கு முகம் இல்லை என்பதுதான் நிஜம்.

இப்போது அக்கா தெற்கே ஒரு கல்லூரியில் பேராசிரியர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவார், நானும் இரண்டு கை கூப்பி அனுப்புவேன். என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்துவிட்டது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பயப்படுவதற்கு இப்போது ஒரு காரணமும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பதுக்கு என் முன்னால் யாரும் இல்லை. பெட்டி காலியாகத் திறந்திருந்தது. என்ன தோன்றியதோ, தட்டினேன். 'தப்பு என்னுதுதான் அக்கா. பயந்துட்டேன்.' கீழே பார்த்தேன். மீதி முந்நூற்று அறுபது சொச்சம். கைபேசி பக்கத்திலேயேதான் கிடந்தது, அதில் அவர் எண்ணும் இருந்தது. நான் அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலு மணி ஆனதும் பெட்டி தானாக மூடிக்கொண்டது. அதுவரைக்கும் அந்த எண் பச்சையாகவேதான் இருந்தது.