தீபத்தன்று வந்த டிரங்க் கால்

போன வாரம் வேங்கிக்கால் பக்கம் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியம்மா தவறி இரண்டு நாள் ஆகியிருந்தது. கூடத்து மூலையில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். காலேஜில் படிக்கிற பெண். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"என்ன வயசு?"

"எண்பத்திரெண்டுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"நல்ல வயசுதான்…"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சட்டென்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள் — ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி.

எதற்குக் கேட்கிறோம் இதை? வயதுக்குத் தகுந்த மாதிரி அழுகையை அளந்து கொடுக்க நாம் என்ன ரேஷன் கடையா நடத்துகிறோம்? நாற்பது என்றால் தாராளமாக அழலாம். அறுபது என்றால் கொஞ்சம் கம்மி. எண்பதைத் தாண்டிவிட்டால் கல்யாணச் சாவு… மேளம் வைக்கலாம், பட்டாசு வெடிக்கலாம், பேத்தி அழ மட்டும் கூடாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டிருக்கிறது. பட்டும் புத்தி வரவில்லை. இத்தனை வருடம் எழுதாமல் தள்ளிப் போட்டுவந்த வசந்தாவின் கதையை இன்று எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நாமே வெளியூர் நம்பரைச் சுற்றிப் பேசுகிற எஸ்.டி.டி. எல்லாம் வராத காலம். திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். வசந்தாவும் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் எங்களிடம் சொல்லிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் மெட்ராஸ், வேலூர் என்று லைன் பிடித்து, போர்டில் கார்டு என்கிற ஒயரைச் செருகி இணைத்துவிடுவோம். பேச்சு சரியாகச் சேர்ந்ததா என்று ஒரு நிமிடம் கேட்போம். பிறகு விலகிவிட வேண்டும். காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது. அது சட்டம்.

வசந்தாவுக்குக் கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு எங்கேயோ போனார். வளர்த்தது அம்மாவைப் பெற்ற ஆயா. எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் கல்யாணம் பண்ணிவிடலாம் என்று உறவெல்லாம் ஒற்றைக் காலில் நின்றபோது, "அது வேலைக்குப் போவட்டும், மாப்பிள்ள எங்கியும் ஓடிடமாட்டான்" என்று சொன்ன ஒரே ஆள் அந்த ஆயா. இன்டர்வியூ அன்று எக்ஸ்சேஞ்ச் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தவரும் அவர்தான்.

மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்துவிடுவார். மடியில் வறுத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாக்கொட்டை, இருக்கும். எல்லா ஆபரேட்டருக்கும் ஆளுக்கு ஒரு கை. ஒரு நாள் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்.

"இந்தக் கம்பி வழியாவா பேச்சு போவுது?"

"ஆமாங்க ஆயா."

"முகம் பாக்காத பேச்சு இன்னா பேச்சு? பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிப்ப?"

நான் சிரித்துக்கொண்டே அடுத்த காலை எடுத்தேன்.

அந்த வருடம் கார்த்திகை தீபம். ஊரே ஜனக்கடல். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வசந்தாவுக்குக் காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை டியூட்டி. ஒரு மணிக்கு நான் போய் அவளை விடுவிக்க வேண்டும். மற்றவர்களில் ஒருத்தி லீவு. இன்னொருத்தியும் சூப்பர்வைசரும் கோயில் பக்கம் விழாவுக்காகப் போட்டிருந்த தற்காலிக பூத்தில். ஆக, போர்டில் வசந்தா தனியாக.

அன்று அங்கே நடந்ததைப் பின்னால் அவளும், அவள் ஊர்க்காரர் ஏழுமலையும் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எட்டரை மணிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கால். மெட்ராசுக்கு, அர்ஜென்ட். சாவுச் செய்தி என்றார் அந்த ஊர் ஆபரேட்டர். நம்பரைக் கேட்டு எழுதிய வசந்தாவின் கை நின்றுவிட்டது. அது அவள் மாமாவின் ஆபீஸ் நம்பர். ஆயாவின் ஒரே மகன்.

யார் போனது என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

மெட்ராஸ் லைன் கிடைப்பது அன்று சாதாரண விஷயமா? எல்லா லைனும் அடைத்துக் கிடந்தது. வசந்தா விடவில்லை. வேலூர் வழியாக முயன்றாள், விழுப்புரம் வழியாக முயன்றாள், தெரிந்த ஆபரேட்டர்களைக் கெஞ்சினாள். அரை மணி நேரத்தில் மாமா லைனில் வந்தார்.

ஏழுமலை சொன்னார், "அண்ணா… பெரியம்மா போயிட்டாங்க. காலையில ஆறு மணிக்கு. கொல்லைக்குப் போயிட்டு வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதான்."

 பிறகு மாமா, "வசந்தாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

"எப்படிண்ணா சொல்றது? தீபக் கும்பல்ல அதைப் போயி எங்க புடிக்கிறது…"

அப்போதுதான் வசந்தா வாயைத் திறந்தாள். சட்டத்தை மீறி அவள் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"கேட்டுட்டேங்க. நீங்க பேசுங்க."

சொல்லிவிட்டு லைனிலிருந்து விலகிவிட்டாள்.

சூப்பர்வைசருக்குச் சொல்லியிருக்கிறாள். அவரும் பாவம், யாரை அனுப்புவார்? "ஒரு மணிக்கு அவ வந்துடுவா, உடனே நீ கிளம்பிடும்மா" என்றாராம்.

அந்த 'அவ' நான்தான்.

நான் போய்ச் சேர்ந்தது இரண்டே முக்காலுக்கு.

வீட்டில் தீபம் பார்க்க வந்த விருந்தாளிகள். அவர்களுக்குப் பரிமாறியதில் முக்கால் மணி போனது. அது போகட்டும். மாட வீதியில் புதிதாக முளைத்திருந்த வளையல் கடையில் நின்றேனே… அதை என்ன சொல்ல? ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். அளவு பார்த்து, கலர் பார்த்து, மாட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு… ஒரு மணி நேரம் அங்கேயே கரைந்தது.

உள்ளே நுழைந்ததும், "பயங்கர கும்பல்டி, நகரவே முடியல" என்றேன்.

வசந்தா ஹெட்செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "மெட்ராஸ் லைன் இப்போ பரவாயில்ல. வேலூர் லைன்ல சத்தம் கம்மியா வருது. ரெண்டு அர்ஜென்ட் நிக்குது, முதல்ல அதைப் பாரு. ஆயா செத்துட்டாங்க. நான் ஊருக்குப் போறேன்."

எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

எதிரே வருகிற கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு செஞ்சி ரோடு வரை நடந்து, அங்கே ஒரு பஸ் பிடித்து, இறங்கி மறுபடியும் நடந்து… ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

ஊரில் பிணம் இருந்தால் கோயில் திறக்க மாட்டார்கள், விளக்கேற்ற மாட்டார்கள். தீபத்தன்று ஊரே இருட்டாகக் கிடக்கலாமா? நாலரை மணிக்கே எடுத்துவிட்டார்கள். மெட்ராசிலிருந்து மாமா வந்து சேர்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த வசந்தாவால்தான் முடியவில்லை.

ஒரு மணிக்குக் கிளம்பியிருந்தால் பார்த்திருப்பாள். இந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து வேலைக்கு வந்தாள். அழவில்லை. அதிகம் பேசவில்லை. கார்டைச் செருகினாள், எடுத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். தினமும் அப்படியே.

நாங்கள் சும்மா இருந்தோமா? போட்டி போட்டுக்கொண்டு தேற்றினோம். "நோய் நொடி இல்லாம போனாங்க, கொடுத்து வச்சவங்க" என்றாள் ஒருத்தி. "தீபத்தன்னைக்குப் போயிருக்காங்க, நேரா மோட்சம்" என்றாள் இன்னொருத்தி. "எண்பது வயசுக்கு மேல இன்னா வேணும்?" — இது யார் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் வசந்தா தலையாட்டினாள். நான் வீட்டிலிருந்து அவளுக்குப் பிடித்த புளிக்குழம்பு கொண்டுபோனேன். "வாய் விட்டு அழுதுடுடி, மனசு லேசாயிடும்" என்று புத்தி சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல், மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். குற்றமுள்ளவர்கள்தான் ஜாஸ்தி ஆறுதல் சொல்வார்கள் போலிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவளோடு நானும் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள். வெளியே அறுப்புக்கு நின்ற நெல். ஊர் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயாவின் படத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"வசந்தா… அன்னைக்கு நான் லேட்டா வந்தது கும்பலால இல்ல."

அவள் திரும்பவில்லை.

"வளையல் கடையில நின்னுட்டேன்."

"தெரியும்" என்றாள்.

 "எப்படி?"

"ஹெட்செட்டை வாங்கறப்போ கையைப் பாத்தேன். எல்லாம் புதுசு. கடைக் காகிதம் கூட இன்னொரு கையில இருந்தது."

"தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்ப. அப்புறம் உன் கூட எனக்குப் பேச்சே இருந்திருக்காது."

யோசித்துப் பாருங்கள். ஆயா செத்த துக்கத்தில், ஊர் போய்ச் சேருவோமா என்ற பதைப்பில், அந்த ஒரு நொடியில்… எங்கள் சிநேகிதத்தை உடையாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"கோவம் இருக்குதா?" என்றேன்.

"இருக்குது. நிறைய இருக்குது."  "ஆனா இந்தப் பதினஞ்சு நாளா எல்லாரும் நல்லதையே சொல்றாங்க. மோட்சம்னாங்க, புண்ணியம்னாங்க. நடந்ததை நீ ஒருத்திதான் சொல்ற."

அதன் பிறகு பேச ஆரம்பித்தாள். ஆயாவுக்குக் கடைசிக் குளியலைத் தன் கையால் செய்ய வேண்டும் என்று இருந்ததாம். ஆயாவே சொல்லி வைத்திருந்தாராம். "எனக்கு முதுகு தேய்க்க உனக்கு மட்டும்தான் தெரியும். அன்னைக்கும் நீயே தேச்சிடு." அதை வேறு யாரோ செய்துவிட்டார்கள். பதினைந்து நாளாக அவள் தொண்டையில் நின்றது அதுதான். எங்கள் மோட்சமும் புண்ணியமும் அந்த இடத்துக்குக் கிட்டே கூடப் போகவில்லை.

ஊர் வந்தது, இறங்கினோம். 

காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா வந்தார். தாயோடு ஏதோ நிலத் தகராறில் இரண்டு வருடமாக ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர். வசந்தாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"போன் வந்ததும் நான் யோசிச்சேம்மா. எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போறது, சாயங்காலமா பாத்துக்கலாம்னு. அப்பதான் உன் குரல் வந்தது. பெத்த தாயாட்டம் வளத்தவங்க போயிட்டாங்கன்னு கேட்டுட்டு, எனக்கு லைன் போட்டுக் குடுத்துட்டு உக்காந்திருக்கே. எனக்கு வெக்கமா போச்சு. அப்படியே டாக்சி பிடிச்சேன். நீ மட்டும் இல்லன்னா எங்கம்மாவுக்கு நான் கொள்ளி வச்சிருக்க மாட்டேன்."

வசந்தா அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பிறகு அழுதாள். அடக்கி வைத்து விசும்புகிற அழுகை இல்லை, பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அழுகை. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நான் குளிப்பாட்டலியே மாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

உறவுக்காரம்மா ஒருவர் அவசரமாக எழுந்து வந்தார். "நல்ல சாவும்மா, அழக்…"

"அழட்டும்மா, விடுங்க" என்றேன்.

அந்தப் பதினாறு நாளில் நான் உருப்படியாகச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

வசந்தா மறுநாளே சரியாகிவிட்டாளா? இல்லை. மாதக்கணக்கில் ஆனது. என் மேல் இருந்த கோபமும் விட்டு விட்டு வந்தது. "இன்னைக்கு உன் கூடப் பேசப் பிடிக்கல" என்று நேராகவே சொல்வாள். நானும் எழுந்து போய்விடுவேன். மறுநாள் டீ குடிக்க அவளே கூப்பிடுவாள். ஆனால் எக்ஸ்சேஞ்சில் ஒரு வழக்கம் வந்தது. சாவுச் செய்தி எந்த போர்டுக்கு வந்தாலும் வசந்தாவிடம் தள்ளிவிடுவோம். புயலோ மழையோ, எப்படியாவது லைன் பிடித்துவிடுவாள். எத்தனை வீடுகளில் எத்தனை மகன்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களோ! அவர்களுக்கு அவள் பெயர் கூடத் தெரியாது.

பிறகு கல்யாணமாகி வேலூருக்கு மாற்றலாகிப் போனாள். இப்போதும் அதே வேலை.

போன வருடம் என் அம்மா தவறியபோது செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வயதைக் கேட்கவில்லை. அழு என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. டெலிபோன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள். வந்த ஒவ்வொரு காலுக்கும் அவளே பதில் சொன்னாள். "ஆமாங்க… காலையிலங்க… நான் சொல்லிடறேங்க." எப்படிப் போனார், எத்தனை மணிக்குப் போனார் என்று நான் ஒருவருக்குக் கூட ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் மெதுவாக என் அருகில் வந்தாள்.

"யார்கிட்டயாவது நீயே பேசணுமா?"

பம்பாயில் பிரசவத்துக்குக் காத்திருந்த என் தங்கையிடம் பேச வேண்டும். காலையிலிருந்து தைரியம் வராமல் உட்கார்ந்திருந்தேன். அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

நம்பரைச் சுற்றி, தங்கையின் குரல் வந்ததும் ரிசீவரை என் கையில் வைத்தாள். அறையில் இருந்த எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள்… கதவைச் சாத்திவிட்டுப் போகத்தான் ஆள் கிடைப்பதில்லை.